எண்ணாகி நிற்கும் குரல்

தாராவியிலும் மாட்டுங்காவிலும், தில்லி கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களிலும், நாம் பெயர் கூறாது விட்ட வேறு பல ஊர்களிலும் இருந்து இப்பேச்சைக் கேட்போரும், பின்னர் இதனை அச்சில் படிப்போரும் நம்மைப் போன்றவர்களே. பிழைப்பு நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தோம். வரும்போது ஊரைச் சுமந்து வர இயலவில்லை. சில குரல்களை மட்டும் கொண்டு வந்தோம். அத்தகைய குரலை எண்களாக மாற்றிச் சேமித்து வைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் குடியிருப்பது பெங்களூரின் தென்கோடியில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் மின்னணுக் கழகமாகிய கியோனிக்ஸ், 1978-ஆம் ஆண்டில், கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் பக்கத்தில் 332 ஏக்கர் நிலத்தில் இதனை அமைத்தது. அக்கழகத்தின் தலைவராய் இருந்த ஆர். கே. பாலிகா என்பாரின் கனவு இஃது என்பர். இன்று இன்ஃபோசிஸ், விப்ரோ முதலிய பெருநிறுவனங்களின் வளாகங்கள் இங்கு உள்ளன. ஓசூர்ச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாடு. நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரப் பயணம் என்று கூறுகின்றனர்; அத்தகைய நாளை நாம் இன்னும் கண்டதில்லை.

நம் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. ஆரணியை அடுத்த நெசவூர் ஒன்றில், 1987-ஆம் ஆண்டில், நம் பாட்டியார் பாடியதைப் பதிவு செய்த அறுபது நிமிட ஒலிநாடா அது. பாட்டியாரை நாங்கள் ஆயா என்றே அழைப்போம். துபாயில் வேலை பார்த்த சித்தப்பா விடுமுறையில் வந்தபோது கொண்டு வந்த டேப் ரிக்கார்டரைத் திண்ணையில் வைத்து, ஆயாவைப் பாடச் சொன்னார். தாலாட்டு ஐந்தாறு, ஒப்பாரி இரண்டு, நடுநடுவே வெற்றிலை மென்றபடி சில வசவுகள். அடுத்த நான்காண்டில் ஆயா மறைந்தார். கேசட் பெட்டியில் கிடந்தது. ஒலிநாடா என்பது இரும்பு உயிரகத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. பெங்களூரின் ஈரக் காற்றுக்கு அதில் பூஞ்சை படியும் என்று கேட்டு அஞ்சி, இரண்டாண்டுக்கு முன் இந்நகரக் கடை ஒன்றில் கொடுத்து டிஜிட்டல் முறைக்கு மாற்றித் தரச் சொன்னோம்.

ஒரு வாரத்தில் கிடைத்தது. குரல் தெளிவாகவே இருந்தது. ஆயினும் எங்கோ ஒரு குறை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஆயா பாடுவது போல இருந்தது. ஊருக்கு அனுப்பி வைத்தோம். சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஆயா குரல்தான்ப்பா. ஆனா தறி எங்க?" என்றார்.

உண்மைதான். அந்தத் திண்ணைக்குப் பின்புறம் குழித்தறி. பெரியப்பா மிதியை மிதித்து நாடாவைத் தள்ளும் ஓசை பாட்டு முழுவதும் கேட்கும்; ஆயாவே அவ்வோசைக்கு இசையத்தான் பாடுவார். கடைக்காரர் அதனை இரைச்சல் என்று கருதி, கணிப்பொறியின் உதவியால் துடைத்துவிட்டார். அவர் நன்மை செய்வதாகவே எண்ணியிருப்பார். எண்ணாக மாறிய ஒலியில் எதை வைப்பது, எதைக் களைவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்கின்றார் என்னும் உண்மை அன்றுதான் நமக்கு உறைத்தது. அதன் பின்னரே இத்துறையைச் சற்று ஊன்றிக் கற்றோம்.

ஒலி என்பது காற்றின் நடுக்கம். தறி அடித்தாலும், தாய் பாடினாலும், காற்று நெருங்கியும் விலகியும் அலையாய்ப் பரவிச் செவிப்பறையைத் தள்ளுகின்றது. 1877-ஆம் ஆண்டில் எடிசன் அந்நடுக்கத்தை ஓர் ஊசியின் வாயிலாகத் தகரத்தாளில் கீறி, அதே கீறலை மீண்டும் ஊசியால் தொட்டுக் குரலை எழுப்பினார். பின்னர் வந்த கிராமபோன் இசைத்தட்டிலும் இதே கதைதான். தட்டின் பள்ளம் அலையின் உருவப்படம். அத்தட்டுகள் அரக்கால் ஆனவை. அவ்வரக்கின் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளின் அரக்குப் பூச்சிகள் தந்தது. செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டில் முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார். அவரை மேடையில் கேட்டவர் எவரும் இன்று இல்லை. எனினும் அவர் குரலை நாம் அறிவோம். அரக்குத் தட்டு தந்த கொடை அது. அக்காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியளவைப் பணியைச் சார்ந்து, 1913 முதல் 1929 வரை, நாட்டின் பல மொழிகளில் சாதாரண மனிதர் பேசியதைத் தட்டுகளில் பதிந்தனர். தமிழும் அவற்றுள் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அத்தட்டுகளை எண்முறைக்கு மாற்றி, எவரும் கேட்கும்படி வைத்துள்ளனர். நூறாண்டுக்கு முந்தைய தமிழர் ஒருவர் கதை சொல்வதைக் கேட்கையில், தட்டின் கரகரப்பும் உடன் வருகின்றது. அதனை அவர்கள் துடைக்கவில்லை.

தட்டிலும் நாடாவிலும் உள்ள குறை ஒன்று உண்டு. ஊசி தேய்க்குந்தோறும் பள்ளம் தேயும். ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவிற்குப் படியெடுத்தால், படியில் சீறல் ஓசை மிகும். படியின் படியில் இன்னும் மிகும். கலியாண வீட்டுக் கேசட்டை உறவினர் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகப் படியெடுத்த காலத்தை நேயர்கள் மறந்திரார். கடைசியாகப் பெற்றவருக்கு நாதசுரம் மழைக்குள் வாசித்தது போலக் கேட்கும்.

எண்முறை இவ்விடத்தில்தான் வேறுபடுகின்றது. அலையைப் படமாக வரையாமல், அதன் உயரத்தை மீண்டும் மீண்டும் அளந்து, அளவைகளை எண்களாகக் குறித்துக்கொள்கின்றோம். எண்ணைப் படியெடுத்தால் தேய்வதில்லை. ஏழு என்பதை நூறு முறை பெயர்த்தெழுதினாலும் ஏழுதானே.

அளப்பதில் கேள்வி இரண்டு. எத்தனை முறை அளப்பது? எவ்வளவு நுணுக்கமாக அளப்பது?

முதற் கேள்விக்கு விடை சொல்ல, மார்கழி மாதத்து வாசலை நினைவு கூர்வோம். கோலமிடும் பெண் முதலில் புள்ளிகளை வைக்கின்றாள். பின்னர் அவற்றைத் தொட்டு இழை இழுக்கின்றாள். புள்ளிகள் அருகருகே இருந்தால், இழை இப்படித்தான் வளையும் என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். அரிதாக இருந்தால் எப்படி வேண்டுமாயினும் வளைக்கலாம். ஒலி அலைக்கு வேண்டிய நெருக்கம் எது என்பதை நைக்விஸ்ட் 1928-இலும், உருசிய அறிஞர் கோடெல்நிக்கோவ் 1933-இலும், ஷானன் 1949-இலும் கணித வழியாக ஆராய்ந்து தெளிவாக்கினர். பதிய வேண்டிய ஒலிகளுள் மிக உயர்ந்த அதிர்வு எதுவோ, அதன் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை அளந்தால் போதும். அளவைகளுக்கு இடையே அலை எவ்வாறு வளைந்தது என்பதும் அவ்வளவைகளிலேயே அடங்கிவிடும். மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேல் கேட்பதில்லை. ஆதலால் 1982-இல் வெளிவந்த குறுந்தகட்டிற்கு வினாடிக்கு 44,100 அளவைகள் என்று வகுத்தனர்.

இரண்டாம் கேள்விக்குப் பழைய நெல் அளவை உதவும். படியால் மட்டும் அளப்பவன், படிக்குக் குறைந்ததைக் கணக்கில் கொள்ள மாட்டான். உழக்கும் ஆழாக்கும் கையில் உள்ளவன் இன்னும் நெருங்கி அளப்பான். எவ்வாறு அளந்தாலும் ஆழாக்குக்கும் குறைந்த சிறிது கீழே நிற்கும். ஒலிப்பதிவில் அந்த மிச்சமே மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். கணிப்பொறி அறிந்த இலக்கங்கள் சுழியமும் ஒன்றும் ஆகிய இரண்டே. அவ்விலக்கம் ஒன்றனைப் பிட் என்பர். எட்டுப் பிட் கொண்டு அளந்தால் உயரத்தில் 256 படிநிலைகளைப் பிரித்தறியலாம். பதினாறு பிட்டில் 65,536. இருபத்து நான்கு பிட்டில் ஒரு கோடியே 67 இலட்சத்திற்கு மேல். குறுந்தகட்டில் உள்ளது பதினாறு பிட்.

குரலை எண்ணாக்கும் இம்முறை இசைக்காகத் தோன்றியதன்று, தொலைபேசிக்காகத் தோன்றியது. பாரிசு நகரில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் இதனைக் கண்டார். நீண்ட கம்பிகளில் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் பெருகுவதைத் தவிர்க்கவே அவர் எண்களை நாடினார். அன்றைய வால்வுகளைக் கொண்டு அதனை மலிவாகச் செய்ய முடியவில்லை. டிரான்சிஸ்டர் வரும்வரை கருத்து காத்திருந்தது.

நம் நாட்டில் அக்கருத்தைச் சிற்றூர் வரை கொண்டு சென்றோரின் வளாகம் ஒன்று இவ்வெலெக்ட்ரானிக் சிட்டியிலேயே உள்ளது. சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு நிலையத்தைக் கூறுகின்றோம். 1984-இல் தொடங்கிய அந்நிலையம், 128 இணைப்பு முனைகள் கொண்ட ஒரு சிறு டிஜிட்டல் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. குளிர்சாதன அறை இன்றியே, புழுதியும் வெயிலும் உள்ள ஊரில் அது வேலை செய்யும். ராணி சென்னம்மாவால் புகழ்பெற்ற கித்தூரில் 1986-இல் அது முதலில் நிறுவப்பட்டது. அதன் பின் நாடெங்கும் பரவிற்று. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடையில், இரவு முதிர முதிரக் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்ற நேயர்கள் நம்மில் எத்தனை பேர்! மணிப்பொறி ஓட ஓடக் கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டு, "அம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டோமே, அக்குரல் டிஜிட்டல் நிலையத்தை அடைந்தவுடன் வினாடிக்கு 8,000 முறை, எட்டு எட்டுப் பிட்டாக அளக்கப்பட்டது. ஒரே தடத்தில் முப்பது பேரின் பேச்சு, ஒன்றோடொன்று கலவாமல், முறை வைத்து ஓடியது. பேச்சின் நடு அதிர்வுகளை மட்டும் அனுமதித்து மேலும் கீழும் வெட்டியமையால், ஸகரமும் ஃபகரமும் மயங்கும். அம்மாவின் குரல் சற்று மெலிந்தே வரும். ஆனாலும் அவர் அழுதாரா, அழுகையை அடக்கினாரா என்பது தெரிந்துவிடும்.

கணக்குப் பார்ப்போம். மூன்று நிமிடப் பேச்சு என்பது 14,40,000 பைட். பழைய பிளாப்பி ஒன்றில் அது அடங்கியிருக்கும்! ஆயினும் எவரும் அடக்கவில்லை. எண்ணாகிச் சென்ற அக்குரல்கள் மறுமுனையில் மீண்டும் காற்றாகி, அத்துடன் மறைந்தன. குரலை எண்ணாக மாற்றுவது வேறு; அவ்வெண்ணைச் சேமிப்பது வேறு.

சேமிக்கும் இடங்கள் பலவகை. குறுந்தகட்டில் நுண்ணிய குழிகள்; கணிப்பொறியின் வன்தட்டில் காந்தத்தின் திசைகள்; பென்டிரைவிலும் கைப்பேசியிலும் சிறைப்பட்ட மின்னூட்டங்கள். குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடைப்படாமல் ஒலிப்பதற்குக் காரணம், 1960-இல் ரீடும் சாலமனும் வகுத்த கணிதம். எண்களோடு கூடுதலாகச் சில சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து வைத்து, இழந்ததை மீட்டுக்கொள்ளும் வழி அது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நாடா பழுதானால் ஒலி மங்கும். மங்கியதைக் காதைத் தீட்டிக் கேட்கலாம். எண்கள் பழுதானால், எல்லைவரை ஒரு குறையும் தெரியாது. எல்லை கடந்ததும் ஒன்றுமே கேளாது. பிள்ளைகளின் படங்களோடு வன்தட்டு ஒன்று ஒரு நாள் காலையில் மூச்சு விடாமல் நின்றதைக் கண்டவர்களுக்கு நாம் விளக்க வேண்டா.

சுருக்குதல் என்பது மற்றொரு செய்தி. குறுந்தகட்டு முறையில் ஒரு நிமிடத்திற்கு ஒரு கோடியே ஐந்து இலட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். இடம் விலை உயர்ந்த நாளில் இது பெருஞ்சுமை. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தாரும் பிறரும் உழைத்து உருவாக்கிய எம்.பி.3 முறை, இச்சுமையைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். செய்யும் சூழ்ச்சி எளிது: திருவிழாவில் தவில் முழங்கும்போது அருகில் செல்பவளின் கொலுசு நமக்குக் கேளாது, கேளாததைக் குறித்து வைப்பானேன் என்று விட்டுவிடுதல். அன்றாடம் கேட்பதற்கு இது நன்று. ஆவணமாக வைக்க ஆகாது, விட்டது விட்டதுதான். வாட்ஸ்அப்பில் தாயார் அனுப்பும் குரற்செய்தி இன்னும் இறுகச் சுருக்கப்பட்டது. அதற்காக அதனைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. கைப்பேசி மாற்றும்போது அச்செய்திகள் நூற்றுக்கணக்கில் மறைகின்றன. மாற்றுமுன் தனியே எடுத்து வைத்தல் வேண்டும் என்பதே நாம் சொல்வது.

இன்று எண்முறைக் குரல் நம்மைச் சூழ்ந்துள்ளது. 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வண்டி வந்துவிட்டது. நகரின் முந்தைய தடங்களில் கன்னட அறிவிப்புகளுக்குக் குரல் தந்தவர் அபர்ணா என்னும் அம்மையார். அவர் 2024 சூலையில் காலமானார். மறுநாளும் அதே குரல், அடுத்த நிலையத்தின் பெயரை அமைதியாகக் கூறிற்று. அவரை நேரில் அறிந்தோர் அவ்வண்டியில் எவ்வாறு அமர்ந்திருந்தனரோ!

நம் கேசட்டிற்கு வருவோம். கடைக்காரர் மூல நாடாவைத் திருப்பித் தந்திருந்தார். அஃது ஒன்றே நம் நற்பேறு. நேயர்களே, மாற்றிய பின் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். அண்டை வீட்டில் குடியிருக்கும் மதுரைக்காரப் பொறியாளர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வந்தார். நாடாவைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதுக் கூட்டில் ஏற்றினார். 86 மீட்டர் நீளம். அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருமுறை முறுக்கிக்கொண்டது. பாடும் கருவியின் தலையைச் சாராயத்தால் துடைத்தார். நாடாவைத் தலை தொடும் சாய்வைத் திருகிச் சரி செய்தார். சாய்வு மயிரிழை பிசகினாலும் கூர்மையான ஒலிகள் மழுங்கிவிடும் என்றார். பின்னர் வினாடிக்கு 96,000 அளவைகள், இருபத்து நான்கு பிட் என்று கணக்கிட்டுப் பதிந்தார். ஒலிக்காப்பகங்கள் கடைப்பிடிக்கும் அளவு அது. எதையும் துடைக்கவில்லை, சுருக்கவும் இல்லை. ஒருமணி நேர ஒலி ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வந்தது. இன்று ஒரு தேநீரின் விலைகூட ஆகாத இடம்.

இரண்டாம் பக்கத்தின் இறுதியில் நான்கு நிமிடம் இல்லை. அவ்விடத்தில் ஒரு திரைப்பாட்டு இருக்கின்றது. பள்ளி நாளில், புதுக் கேசட் வாங்கக் காசின்றி, பாட்டின் மேல் பாட்டாகப் பதிந்த கை நம்முடையதே. நாடாவில் மேலெழுதினால் கீழுள்ளது அழியும். எந்தக் கணிப்பொறியும் அதனை மீட்டுத் தராது. ஆயா அங்கு என்ன பாடியிருந்தார் என்று சித்தப்பாவுக்கும் நினைவில்லை.

பதிவைப் படியெடுத்து மூன்று இடங்களில் வைத்தோம். ஒன்று நம் வன்தட்டில்; ஒன்று வேறு வகைக் கருவியில்; ஒன்று ஆரணியில் சித்தப்பாவிடம். வெள்ளமோ திருட்டோ வந்தால் மூன்றும் ஒருசேரப் போகா. ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுக் கருவிக்குப் பெயர்த்தல் வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதியுள்ளோம். நம் முன்னோர்க்கு இது புதிதன்று. பனையோலை செல்லரிக்குமுன் புது ஓலையில் பெயர்த்தெழுதிய குடும்பங்களின் ஏடுகளே உ. வே. சாமிநாதையர் கைக்கு வந்தன. பெயர்த்தெழுதப்படாதவற்றின் பெயர்கள் மட்டும் உரைகளில் நிற்கின்றன. ஏடு எழுதுவோர் எழுத்தை மாற்றிவிடுவர். எண்முறையில் அந்த இடர் குறைவு. கோப்பின் எண்களைக் கூட்டிக் கழித்துக் கிடைக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்தால், படியும் மூலமும் ஒன்றா என்று நொடியில் அறியலாம். ஆனால் பெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. கோப்புக்கு, பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை இட்டு வைத்தலும் வேண்டும். "ஆடியோ 3" என்று பெயரிட்ட கோப்பை நம் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்கமாட்டார்கள்.

புதிய பதிவைச் சித்தப்பாவுக்கு அனுப்பிய இரவு அவர் மீண்டும் அழைத்தார். தறி வந்துவிட்டது என்றார். மற்றொன்றும் வந்திருந்தது, நாங்கள் எவரும் அதுவரை கவனியாதது. மூன்றாம் தாலாட்டு முடிந்து, ஆயா மூச்சு வாங்கும் இடைவெளியில், பெரியப்பாவும் அறுந்த இழையை முடிவதற்காகத் தறியை நிறுத்துகின்றார். அப்போது எதிர்வீட்டு வானொலி மெல்லக் கேட்கின்றது: "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது" என்ற அளவில் தறி மீண்டும் தொடங்கிவிடுகின்றது, வாசிப்பவர் பெயர் கேட்கவில்லை. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும் வேளை அது. ஆயா பாடியது மாலையில் என்றே வீட்டில் அனைவரும் சொல்லி வந்தோம். "காலை ஏழே காலுப்பா அது," என்றார் சித்தப்பா.